கதவைத் தட்டி விற்கிறவனுக்கு ஊர் கேட்கும் காகிதம்

வணக்கம், எல்லாரும் நலமா? இன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறேன். ஹாலில் பிள்ளைகள் டிவி பார்க்கிறார்கள், சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அமெரிக்காவிலேயே இருக்கும் ஒரு அக்கா எனக்கு எழுதியிருந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கோடை விடுமுறைக்குப் பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்திருக்கிறான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஆள் பிடிக்கிற வேலை. "லைசென்ஸ் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீ தட்டு" என்று மேனேஜர் சொன்னாராம். இதை நம்பலாமா என்று கேட்கிறார்.

நம்ப வேண்டாம் அக்கா. இதற்கு நாடு முழுவதற்கும் செல்லுபடியாகிற லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர் விதி. ஒரு சாலையைத் தாண்டினால் வேறு ஊராட்சி, வேறு பர்மிட். பல ஊர்களில் கம்பெனி பதிவு செய்திருந்தாலும் போதாது, கதவைத் தட்டும் ஒவ்வொருவரும் தன் பெயரில் தனியாக வாங்க வேண்டும். படம், அடையாள அட்டை, சில இடங்களில் கைரேகை, பழைய வழக்கு ஏதாவது உண்டா என்ற போலீஸ் சரிபார்ப்பு, அப்புறம் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ்.

விதிகளைப் படிக்கும்போது மூன்று பெயர்கள் வரும். பெட்லர் என்றால் சரக்கைக் கையோடு கொண்டுவந்து அங்கேயே விற்பவர், நம் தலைச்சுமை வியாபாரி மாதிரி. சொலிசிட்டர் என்றால் ஆர்டர் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர், பொருளோ வேலையோ பிறகு வரும். அக்காவின் மகன் இந்த வகை. நம் ஊரில் சொலிசிட்டர் என்றால் வக்கீல்தானே. என் அப்பா முதல் தடவை இங்கே வந்தபோது ஒரு வீட்டு வாசலில், விற்க வராதே என்று சொல்லும் "நோ சொலிசிட்டிங்" பலகையைப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் வக்கீல் மேல் ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். மூன்றாவது, டிரான்சியன்ட் மெர்ச்சன்ட். ஹோட்டல் ஹால், பார்க்கிங் இடம் என்று எங்கேயாவது நான்கு நாள் கடை விரித்துவிட்டுப் போய்விடுகிறவர்.

அந்த மூன்றாவது ஆளாக நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். தோழிகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஹோட்டல் ஹாலை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் சேலை விற்றோம். விற்பனை வரிக்குப் பதிவு செய்திருந்தோம், அதுவே போதும் என்று நினைத்தோம். சனிக்கிழமை மதியம் ஒரு அதிகாரி வந்தார், தற்காலிக வியாபாரி பர்மிட் எங்கே என்றார். அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கடையை மூடச் சொல்லிவிட்டார். பிறகு விதியை எடுத்துப் படித்தேன். கட்டணத்துக்கு மேல் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். நேற்று வந்து நாளை போய்விடும் ஆளிடம் வாங்கிய பொருள் கெட்டுப்போனால், யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது? அதற்குத்தான் அந்தப் பிணை. நியாயம்தான். ஆனால் அதே ஊரில் நிரந்தரக் கடை வைத்திருப்பவர் அதே ஹாலில் கடை போட்டால் அவருக்குப் பிணையும் இல்லை, பர்மிட்டும் இல்லை. அங்கேதான் எனக்கு உறுத்தியது.

அதற்கப்புறம் இந்த விதிகளை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வியோடுதான் படிக்கிறேன். இது வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறதா, உள்ளூர்க் கடைக்காரரைக் காப்பாற்றுகிறதா?

கேள்வி பழையது. 1887லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டென்னசியில் மெம்ஃபிஸ் இருக்கிற வட்டாரத்தில், உரிமம் பெற்ற கடை இல்லாமல் மாதிரி காட்டி ஆர்டர் பிடிக்கிறவர்கள் வாரத்துக்கு 10 டாலர் அல்லது மாதத்துக்கு 25 டாலர் கட்ட வேண்டும். சின்சினாட்டி கம்பெனி ஒன்றுக்காக வந்த ராபின்ஸ் என்பவர் கட்டவில்லை, வழக்கில் ஜெயித்தார். வேறு மாநிலத்துச் சரக்குக்கு ஆர்டர் எடுக்க இப்படி வரி போடக் கூடாது என்றது நீதிமன்றம். 1946இல் ரிச்மண்ட் நகரத்து வழக்கிலும் இதே கதை. வெளியூர் ஆளை வாசலிலேயே நிறுத்துகிற வரி செல்லாது என்றார்கள்.

ஆனால் ஊர்கள் சும்மா இருக்குமா? வரி போடக் கூடாதென்றால் தட்டுவதையே தடுத்துவிடுவோம் என்று வேறு பக்கம் திரும்பினார்கள். வயோமிங்கில் கிரீன் ரிவர் என்று ஒரு சின்ன ரயில்வே ஊர். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் தூங்குவார்கள், விற்பனையாள் வந்து மணியடித்து எழுப்பிவிடுவான். 1931இல் அந்த ஊர், அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து விற்பதே தொல்லை, குற்றம் என்று சட்டம் போட்டது. பிரஷ் விற்கும் ஃபுல்லர் கம்பெனி வழக்குப் போட்டது. 1933இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. அப்புறம் நாடு முழுக்க ஊர்கள் இதை அப்படியே நகலெடுத்தன, இப்போதும் இந்த மாதிரிச் சட்டத்துக்கு கிரீன் ரிவர் ஆர்டினன்ஸ் என்றே பெயர்.

அப்படி நகலெடுத்த ஊர்களில் ஒன்று லூசியானாவின் அலெக்சாண்ட்ரியா. பத்திரிகைச் சந்தா பிடிக்கப் போன பிரியர்ட் என்பவர் அங்கே கைதானார். 1951இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் ஊர்ச் சட்டம் செல்லும் என்றது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் விதிவிலக்கு. பால், முட்டை, கோழி, காய்கறி விற்பவர்கள் தட்டலாமாம்! தூங்குகிறவனை முட்டைக்காரன் எழுப்பினால் மட்டும் தொல்லை இல்லையா? விதிவிலக்குப் பட்டியலைப் படித்தால் சட்டம் யார் மனதில் உதித்தது என்று தெரிந்துவிடும் என்று நான் சொல்வது இதனால்தான். உள்ளூர்க் கடைக்காரர்களுக்குச் சாதகமான பாரபட்சம் இது என்று அந்த வழக்கிலேயே மாறுபட்ட தீர்ப்பும் உண்டு.

சரி, ஞாயிற்றுக்கிழமை கையில் துண்டுப் பிரசுரத்தோடு வருகிறவர்களுக்கு பர்மிட் வேண்டாமா? வேண்டாம். அந்த உரிமையை வாங்கிக் கொடுத்ததில் பெரும்பங்கு, வீடு வீடாகப் போய் மதம் பேசுகிற யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடையது. 1943 மே 3ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு. பென்சில்வேனியாவின் ஜெனட் ஊர் நாளுக்கு ஒன்றரை டாலர் கேட்ட கட்டணத்தை மதப் பிரசுரம் கொடுப்பவர்களிடம் வாங்கக் கூடாது என்றது ஒன்று. ஒஹாயோவின் ஸ்ட்ரதர்ஸ் ஊர் துண்டுப் பிரசுரம் கொடுக்கக் கதவைத் தட்டக் கூடாது என்று போட்ட தடை செல்லாது என்றது இன்னொன்று. அங்கேயும் இரவு ஷிஃப்ட் ஆட்களின் தூக்கம்தான் காரணம் காட்டப்பட்டது. ஆனால் யாரை வரவேற்பது என்று அந்தந்த வீட்டுக்காரர் முடிவு செய்யட்டும், ஊர் முடிவு செய்ய வேண்டாம் என்றது நீதிமன்றம். 2002இல் ஒஹாயோவின் ஸ்ட்ராட்டன் வழக்கு. அப்போது 278 பேர் வாழ்ந்த கிராமம், பர்மிட்டுக்குக் கட்டணம்கூட இல்லை. அப்படியும் மதம், அரசியல் பேச வருகிறவரை முன்அனுமதி கேட்க வைக்கக் கூடாது என்று 8க்கு 1 தீர்ப்பு. விற்பனைக்கு மட்டும் இந்த விதி என்றிருந்தால் தேறியிருக்கலாம் என்ற தொனியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதனால்தான் அக்கா, உங்கள் மகனுக்கு பர்மிட் வேண்டும், பிரசுரக்காரருக்கு வேண்டாம்.

அதற்காக விற்பனையாளுக்கு எந்த உரிமையும் இல்லை என்றில்லை. கொலராடோவில் காசில் ராக் என்ற ஊர், மாலை 7 மணிக்கு மேல் விற்பனைக்காகக் கதவைத் தட்டக் கூடாது என்று வைத்திருந்தது. ஆப்டிவ் என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. அதுவும் பூச்சிமருந்துக் கம்பெனிதான்! 2020இல் நிறுவனம் ஜெயித்தது. தீர்ப்புச் சொன்னது எந்த நீதிமன்றம் தெரியுமா? 1933இல் கிரீன் ரிவர் பக்கம் நின்ற அதே பத்தாவது வட்டார நீதிமன்றம். மாலை 7 மணிக்கு மேல் தட்டினால் குற்றமோ ஆபத்தோ கூடுகிறது என்று ஊரால் காட்ட முடியவில்லை.

இனி உங்கள் மகனுக்கு. எந்தெந்த ஊரில் வேலை என்று மேனேஜரிடம் பட்டியல் வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊரின் சிட்டி கிளார்க் அலுவலகத்துக்கும் அவனே போன் போடட்டும். பர்மிட் என் பெயரில் வேண்டுமா, எத்தனை மணி வரை தட்டலாம், தட்டாதே பட்டியல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்கட்டும். சில ஊர்களில் வேண்டாம் என்று பதிவு செய்த வீடுகளின் பட்டியலே உண்டு. "நோ சொலிசிட்டிங்" பலகை மாட்டிய வீட்டைத் தொடவே வேண்டாம், பேட்ஜ் இருந்தாலும் சரி.

இன்னொன்றும் இருக்கிறது, இது ஊர் விதி இல்லை, மத்திய அரசு விதி. 25 டாலரோ அதற்கு மேலோ வாசலில் விற்றால், வாங்கியவர் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம், மூன்றாம் நாள் நள்ளிரவு வரை. சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கில் வரும். இதை விற்பவர் வாயால் சொல்ல வேண்டும், ரத்துப் படிவம் இரண்டு பிரதி கையில் கொடுக்க வேண்டும். அவனுக்குக் கொடுத்திருக்கும் பையில் அந்தப் படிவம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லைசென்ஸ் விஷயத்தில் மேனேஜர் சொன்னதையும் அதே கணக்கில் வையுங்கள். பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் போலீஸ்காரர் அபராத டிக்கெட்டை அங்கே நிற்கிற பையன் பெயரில்தான் எழுதுவார்.