பாட்டும் பக்கத்து ஆளும்

நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலங்கை வானொலியை அவர்கள் வெளிநாட்டு வானொலியாக நினைத்ததே இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மீடியம் வேவ் என்கிற மத்திய அலை ரேடியோவைத் தரை விழுங்குகிற அளவுக்கு உப்புத் தண்ணீர் விழுங்காது. அதனால் கொழும்பு நம்ம டீக்கடையில் கணீரென்று கேட்டது. ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம், வீட்டுக்கு வீடு பெட்டி கிடையாது. நேயர் விருப்பத்தில் பாட்டைவிடப் பெயர்ப் பட்டியலுக்குத்தான் காதைத் தீட்டுவார்கள். தெரிந்த பெயர் ஒன்று வந்துவிட்டால், "இவன் எப்படா கார்டு போட்டான்?" என்று பொழுதுக்கும் அதே பேச்சு.

கேசட் வந்தபோது கீழக்கரை, தொண்டி வீடுகளில் இன்னொன்று நடந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்தைப் பேசியே கேசட்டில் அனுப்பினார்கள். வாப்பா குரலைக் கேட்க வீடே டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்காரும். பதில் பேசும்போது பிள்ளைகளுக்குள் அடிதடி, அதுவும் பதிவாகிப் போகும்.

1979-இல் சோனி முதல் வாக்மேனை விற்பனைக்கு விட்டபோது ஹெட்போன் செருக இரண்டு துளை வைத்திருந்தது. தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று அந்தக் கம்பெனிக்கே ஒரு தயக்கம். பின்னால் வந்த மாடல்களில் இரண்டாவது துளை காணாமல் போயிற்று.

இப்போது ஆளுக்கொரு போன். இதற்காக நான் ஒப்பாரி வைக்க வரவில்லை. டீக்கடை ரேடியோ ஆம்பிளைகளின் ரேடியோ. எந்தப் பெண் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்? கடற்பாசி எடுத்துவிட்டு வந்து தனக்குப் பிடித்த பாட்டை ஒருத்தி இன்று போனில் தானே தேடிக் கேட்கிறாள் என்றால், அது லேசான மாற்றம் இல்லை. குறைந்துபோனது பாட்டு அல்ல, பாட்டைப் பற்றிய வாய்ப்பேச்சு. வாட்ஸ்அப்பில் பாட்டு அனுப்பினால் ஒரு கட்டைவிரல் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு மிச்சமிருக்கிற இடம் விசைப்படகு. கரையை விட்டுத் தள்ளிப் போனால் டவர் கிடைக்காது. மெமரி கார்டில் ஏற்றி வந்ததுதான் பாட்டு. இஞ்சின் இரைச்சலில் புளூடூத் ஸ்பீக்கரை அலறவிட்டால்தான் காதில் விழும். வலை இழுக்கிற அத்தனை பேரும் ஒரே பாட்டைக் கேட்டாக வேண்டும். பெரியவருக்குப் பழைய பாட்டு, பையனுக்குக் கானா. எவன் போன் முதலில் இணைந்ததோ அவன் ராஜ்யம். அவன் சார்ஜ் எப்போது இறங்கும் என்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.