தக்காளியின் ருசி தொட்டியில் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் வளர்க்கிற தக்காளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "பளபளவென்று இருக்கிறது, ரசத்தில் போட்டால் புளிப்பும் இல்லை, மணமும் இல்லை" என்று பலர் குறைப்படுவார்கள். மண் இல்லாததா அதற்குக் காரணம்? இல்லை. முதலில் ரகம். அடுத்தது, தொட்டியில் எதை, எவ்வளவு கரைத்தோம் என்பது.

ஜப்பானில் கோச்சி என்று ஒரு ஊர். 1970-ல் அங்கே புயல் அடித்துக் கரை உடைந்து, வயல்களில் கடல்தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் மண்ணில் உப்பு தங்கிவிட்டது. அதில் தக்காளி வைத்தார்கள். காய் பெருக்கவே இல்லை, சின்னச் சின்னதாக நின்றுவிட்டது. விவசாயிக்கு எவ்வளவு வயிறு எரிந்திருக்கும்! ஆனால் பழுத்ததும் வாயில் போட்டால் அப்படி ஓர் இனிப்பு. இன்றைக்கு அந்தப் பக்கத்துத் தக்காளியைப் பழம் மாதிரி அப்படியே சாப்பிடுகிறார்கள், நல்ல விலை கொடுத்து.

ஏன் அப்படி? மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் தண்ணீர் விடுமல்லவா, அந்த இழுப்புதான். வேரைச் சுற்றி உப்பு கூடினால் செடியால் தாராளமாகத் தண்ணீர் குடிக்க முடியாது. இலை சர்க்கரையைச் செய்து பழத்துக்கு அனுப்புகிறது. அதைக் கரைத்து நீர்க்கவைக்கத் தண்ணீர் குறைவு. இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே கூடுகின்றன.

கரைத்த உரமும் ஒருவகை உப்புதான். அதன் அடர்த்தியை ஈ.சி. மீட்டரில் பார்ப்பார்கள். ஈ.சி. என்றால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு; உப்பு கூடினால் அதுவும் கூடும். தக்காளிக்குப் பொதுவாக 2 முதல் 3.5 வரை வைப்பது வழக்கம். 5-க்குக் கொண்டுபோனால் ருசி ஏறும், ஆனால் பழம் சிறுத்து எடை குறையும். மறுபடியும் சொல்கிறேன்: ருசி ஏறும், எடை குறையும். எடைக்கு மட்டுமே காசு கொடுத்துக்கொண்டிருந்தால் எந்த விவசாயி ஈ.சி.யை ஏற்றுவார்? வாங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை, பழத்தின் அடி கறுத்துப்போவது. பூச்சியோ நோயோ இல்லை, கால்சியம் போய்ச் சேராததுதான். தொட்டியில் கால்சியம் நிறைய இருக்கும், ஆனாலும் வரும். கால்சியம் தண்ணீரோடுதான் ஏறும். இலை நிறைய ஆவி விடுவதால் தண்ணீர் அங்கேதான் ஓடுகிறது, பழத்தின் அடிக்குக் கடைசியில்தான் மிச்சம். ஈ.சி.யை அளவு மீறி ஏற்றினால் அந்த மிச்சமும் குறையும். அதனால்தான் இனிப்புக்கு ஆசைப்பட்டு ஏற்றுகிறவர்கள் அடியையும் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பொட்டாசியத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். அது குறைந்தால் நிறம் திட்டுத்திட்டாக நிற்கும், புளிப்பும் இறங்கும். காய் பிடித்ததும் கூட்டுங்கள். ஆனால் அளவு மீறினால் கால்சியத்தை உள்ளே விடாது. அப்புறம், கோடையில் செடி தண்ணீரை அதிகம் கேட்கும். அந்த மாதங்களில் ஈ.சி.யை இறக்கியே வையுங்கள். வணக்கம்.