நாற்பது ஆட்டுக்கு இரண்டாவது நாய் வேண்டும்

நடுவர் அவர்களே, மாட்டுப் பொங்கல் வைத்த கையோடு பந்தலுக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நாற்பது ஆடு நிற்கிற பட்டிக்கு ஒரு காவல் நாய் போதுமா, இரண்டாவது வேண்டுமா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் மூன்று காரணம் சொல்லி மறுத்தார். இரண்டு சேர்ந்தால் ஊர் சுற்றும், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், செலவு இரட்டிக்கும் என்றார். மூன்றுக்கும் பதில் வருகிறது. அதற்கு முன்னால் அவர் தொடாமல் விட்டதை நான் தொடுகிறேன்.

காலை 9 மணிக்குப் பட்டி எப்படி இருக்கும்? பெரிய ஆடெல்லாம் சேர்வராயன் மலையடிவாரத்துக் கரட்டுக்கு மேயக் கிளம்பிவிடும். பிறந்து 20 நாள் ஆகாத குட்டிகள் படல் வேலிக்குள் கூடை கவிழ்த்த நிழலில் கிடக்கும். நாய் யாரோடு இருக்க வேண்டும்? மந்தையோடு போனால் குட்டிக்குக் காவல் இல்லை. குட்டியோடு படுத்தால், ஓடைக்கரைப் புதரில் பின்தங்குகிற சினையாட்டுக்குக் காவல் இல்லை. எவ்வளவு கெட்டிக்கார நாயாக இருந்தாலும் உடம்பு ஒன்றுதானே, நடுவர் அவர்களே!

இரவு இன்னும் மோசம். இன்றைக்கு நம் பட்டிகளுக்கு நரியைவிடப் பெரிய எதிரி தெருநாய்க் கூட்டம். திருப்பூர், ஈரோடு பக்கம் கடிபட்டுச் செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு விவசாயிகள் போராடியதை எல்லோரும் பார்த்தோம். நரி வந்தால் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தெருநாய் அப்படியில்லை. ஒன்றைக் கடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவும். விடிந்து பார்த்தால் பின்தொடையும் மடியும் கிழிந்திருக்கும், ஆனால் கறி குறைந்திருக்காது. மிரண்ட ஆடுகள் ஒரே மூலையில் ஏறி மிதித்ததில் அடியில் சிக்கிய குட்டிகள், ஒரு பல் தடம்கூட இல்லாமல், மூச்சுமுட்டிச் செத்திருக்கும். கடிபட்டுத் தப்பிய ஆட்டுக்கு வெறிநாய்த் தடுப்பூசி 0, 3, 7, 14, 28 ஆம் நாள்களில் 5 முறை போட வேண்டும், முதல் ஊசி போடுகிற நாள்தான் 0.

இதில் ஒற்றை நாய் எங்கே தோற்கிறது? கிழக்குப் பக்கம் குரைப்பு கேட்டதும் நம் நாய் அங்கே பாயும். பாய்வது சரிதான், அதற்குத்தானே வளர்த்தோம். வந்தது 4 நாய் என்றால் மற்ற 3 மேற்குப் படலில் நுழைந்துவிடும். பழகிய ஜோடி இருந்தால் ஒன்று சத்தத்தை நோக்கி ஓடும், மற்றது ஆட்டை விட்டு நகராமல் படலைச் சுற்றி வரும். இரவெல்லாம் விழித்த நாயைப் பகலிலும் மந்தையோடு ஓட்டுகிற கொடுமையும் அப்போதுதான் குறையும்.

இனி அண்ணன் சொன்ன ஊர்சுற்றல். அவர் சொன்னது நடக்கிறது, மறுக்கவில்லை. ஒரே ஈற்று நாய்க்குட்டிகள் இரண்டை ஒன்றாகக் கொண்டுவந்து விட்டால் நிச்சயம் நடக்கும். அவை ஆட்டோடு ஒட்டாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 7 மாதத்தில் இரண்டும் சேர்ந்து ஆட்டை விரட்டுவதே விளையாட்டாகிவிடும். அதனால்தான் இரண்டாவது நாய் என்கிறேன். முதல் நாய்க்கு 2 வயது முடிந்து, குட்டி போடுகிற ஆட்டுக்குப் பக்கத்தில் அமைதியாகப் படுக்கிற அளவுக்கு அது பக்குவப்பட்ட பிறகுதான் அடுத்தது வர வேண்டும். ஆட்டைத் துரத்துகிற நாய்க்குத் துணை தேடினால் துரத்த இரண்டாகும், அவ்வளவுதான்.

சண்டைக்கு மருந்து ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது. முதல் நாய் ஆண் என்றால் அடுத்தது பெட்டை. இரண்டுக்கும் கால்நடை மருத்துவரிடம் எந்த வயதில் என்று கேட்டுக் கருத்தடை செய்துவிட வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. செய்யாத பெட்டை சுமார் 6, 7 மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், சுமார் 3 வாரம் நீடிக்கும். அந்த 3 வாரமும் ஊர்த் தெருநாயெல்லாம் நம் படலோரமே படுத்துக் கிடக்கும்.

குட்டியை எங்கே எடுப்பது? சாதிப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்தவே வளர்ந்த வேட்டை நாய்கள். பட்டியிலேயே படுத்து எழுகிற தாய்க்குப் பிறந்த நாட்டுக் குட்டி அதைவிட மேல். வெள்ளை ராஜபாளையம் எடுப்பவர்கள், குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காது கேட்காத நாய் எப்படிக் காவல் காக்கும்?

நாய்க்குட்டி 8 வாரத்தில் வர வேண்டும். வீட்டு வாசலில் கட்டாதீர்கள், மனிதரோடு ஒட்டிவிடும். பட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் 6 அடிக்கு 6 அடி வலைத் தடுப்பு போட்டு, குட்டி நுழைகிற, ஆடு நுழைய முடியாத ஒரு சந்து விடுங்கள். கிடா முட்ட வந்தால் ஓடி ஒளிய இடம் வேண்டும். சாந்தமான கிழ ஆடு இரண்டைப் பக்கத்தில் விடுங்கள். முதல் சில நாள் பழைய நாய் வலைக்கு வெளியிலிருந்து மோந்து பார்க்கட்டும். பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சங்கிலியில் பிடித்துப் பட்டியைச் சுற்றி நடக்க விடுங்கள். சோற்றுத் தட்டு இரண்டுக்கும் 20 அடி இடைவெளி. முதல் கடி பெரும்பாலும் தட்டில்தான் விழும்.

சிரமமான காலம் 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரை. நாய்க்குட்டி ஆட்டின் காதைக் கவ்வி இழுக்கும். அந்த நொடியில் அதட்ட வேண்டும், பத்து நிமிஷம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்றே அதற்குப் புரியாது. அதட்டியும் நிற்காவிட்டால் கழுத்தில் அதன் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை தொங்கவிடுங்கள், ஓட்டம் குறையும். ஆடு ஈனும் இரவில் மட்டும் நாய்க்குட்டியைத் தனியே விடாதீர்கள். நஞ்சுக்கொடியைத் தின்ன வந்து, ஈரம் காயாத ஆட்டுக்குட்டியையும் சேர்த்து இழுத்துவிடும்.

செலவா? ஒரு 25 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குக் கேழ்வரகு மாவு 250 கிராம் களியாக, ஒரு முட்டை, வேகவைத்த கோழிக்கழிவு கொஞ்சம். 40 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 14,600. கொங்கணாபுரம் சந்தையில் இரண்டு ஆடு வாங்குகிற காசுதான். ஒரு ராத்திரியில் போகிறது எத்தனை ஆடு? 10, 12 ஆட்டை வீட்டோரம் கட்டி வளர்ப்பவருக்கு ஒரு நாயே போதும், அதை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பு 40 ஆட்டைப் பற்றியது.

அண்ணன் கேட்க மறந்த ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். நாய் கூடினால் நாடாப்புழுவும் கூடும். அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுந்து, ஆடு தின்று, மூளையில் கொப்புளமாகி, ஆடு ஒரே பக்கமாக வட்டம் சுற்றிச் சாகும். அறுத்த ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள், நாய்க்குப் புழு அதிலிருந்துதான் வரும். 3 மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, அதில் நாடாப்புழுவைக் கொல்லுகிற பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அதேபோல, சிறுத்தை நடமாடுகிற காட்டோரம் என்றால் இரண்டு நாயும் இரைதான். அங்கே கூரை போட்டு அடைத்த கொட்டகைதான் வழி.

இன்னொரு கணக்கு, நடுவர் அவர்களே. நாய் 9 வயது வாக்கில் காது மந்தமாகி, பின்னங்கால் இறுகி உட்கார்ந்துவிடும். அன்றைக்கு ஓடிப்போய்க் குட்டி தேடினால், அது பக்குவப்படும்வரை 2 வருஷம் பட்டிக்கு ஆள் இல்லை. பழைய நாய்க்கு 4 வயதாக இருக்கும்போதே இந்தத் தையில் குட்டி வந்தால், அடுத்த வருஷம் ஆடியில் அதற்கு 20 மாதம். மூத்தது எங்கே குரைக்கிறது, எதற்கு எழுந்திருக்கவில்லை என்று பார்த்தே பாதி வேலையைக் கற்றிருக்கும். மூத்தது கிழக்குப் படலில் படுத்தால், யாரும் சொல்லாமலே போய் மேற்குப் படலில் படுக்கும். நன்றி, வணக்கம்.