எல்லோரும் பத்திரப்படுத்திய நாணயம்

(திரையில்: கறுத்துப்போன வெள்ளி நாணயம், மிக அருகில். இரண்டு குத்துவாள்கள், நடுவே ஒரு தொப்பி.)

கி.மு. 44, மார்ச் 15. ரோமில் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொல்கிறார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் ஊரைவிட்டு வெளியேறிப் படை திரட்டுகிறார். படை என்றால் சம்பளம் வேண்டும். கி.மு. 42-ஐ ஒட்டி அவர் அடித்த நாணயம்தான் இது. ஒரு பக்கம் அவருடைய தலை. மறுபக்கம் இரண்டு குத்துவாள்கள், விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த தேதி. செய்த கொலையை வெள்ளியில் பொறித்து, அதையே சிப்பாய்களுக்குக் கூலியாகக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

நினைவு நாணயம் என்றதும் வெல்வெட் பெட்டியும் சான்றிதழும்தான் நம் மனதில் வருகின்றன. இதுவும் நினைவு நாணயம்தான். ஆனால் செலவுக்கு அடித்தது. சிப்பாய் இதைக் கொடுத்து மது வாங்கியிருப்பான், கடன் அடைத்திருப்பான், எங்காவது தொலைத்திருப்பான். செலவழிக்க அடித்த நாணயம், சேர்த்து வைக்க அடித்த நாணயம்: இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் நாணயச் சேகரிப்பில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த வழக்கம் புரூட்டஸோடு நிற்கவில்லை. கி.பி. 70-ல் ஜெருசலேம் வீழ்ந்த பிறகு, பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பதுபோல ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் நாணயம் அடித்தார். நான்காம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தர் அசுவமேத வேள்விக் குதிரையைப் பொன்னில் பொறித்தார். செய்தித்தாள் இல்லாத காலத்தில் அரசனின் செய்தி ஊர் ஊராகப் போனது இப்படித்தான்.

(திரையில்: இரண்டு பிரிட்டிஷ் நாணயங்கள் பக்கம் பக்கமாக. ஒன்று பெரியது, வட்டம். மற்றது சிறியது, ஏழு பக்கம்.)

இப்போது இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இடது பக்கம் இருப்பது 1965-ல் வின்ஸ்டன் சர்ச்சில் நினைவாக வந்த கிரவுன், அதாவது ஐந்து ஷில்லிங் நாணயம். அவர் இறந்த வருடம் அது. ஆளுக்கு ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தார்கள். அடித்தது ஒரு கோடியே 96 லட்சத்துக்கும் மேல். வாங்கியவர்களில் யாரும் செலவழிக்கவில்லை, யாரும் தொலைக்கவில்லை. அதனால் இன்றைக்கும் அது மலிவாகக் கிடைக்கிறது. பேரன் காலத்தில் பெரிய விலை போகும் என்று எத்தனை தாத்தாக்கள் எடுத்து வைத்தார்களோ!

வலது பக்கம் 2009-ல் வந்த 50 பென்ஸ். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் 250-ஆம் ஆண்டுக்காக, அங்கிருக்கும் பகோடா கோபுரத்தின் படத்தோடு வந்தது. புழக்கத்துக்கு விட்டது வெறும் 2,10,000. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சில்லறையோடு சில்லறையாகக் கை மாறிக்கொண்டிருந்தது. சில வருடங்கள் கழித்து எண்ணிக்கை தெரியவந்ததும் ஜனங்கள் சில்லறையைக் கொட்டித் தேட ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் எடுத்து வைத்தது பெருகிக் கிடக்கிறது, யாரும் கவனிக்காதது அரிதாகிவிட்டது. கியூ கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அதே வடிவத்தை நாணயச்சாலை 2019-ல் சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்தது. கோபுரம் அதேதான், வருடம் வேறு. அவசரத்தில் வருடத்தைப் பார்க்காமல் வாங்கினால் அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் முதல் நினைவு நாணயமான கொலம்பஸ் அரை டாலர். சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக 1892, 93 ஆகிய இரண்டு வருடமும் சேர்த்துச் சுமார் 50 லட்சம் அடித்தார்கள். அரை டாலர் நாணயத்தை ஒரு டாலருக்கு விற்றார்கள். நினைத்த அளவு விற்கவில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதியை உருக்கினார்கள், மீதியில் நிறைய அரை டாலர் முகமதிப்புக்கே புழக்கத்தில் விட்டுவிட்டார்கள். கொலம்பஸின் மூக்கு தேய்ந்துபோன நாணயங்கள் இன்றைக்கும் கிடைப்பது அதனால்தான். அலமாரிக்கென்று பிறந்து கடைத்தெருவில் வாழ்ந்த நாணயம் அது.

சரி, அப்படியானால் எத்தனை அடித்தார்கள் என்று பார்த்தால் போதுமா? போதாது. எத்தனை மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். 1918-ல் வந்த பிட்மன் சட்டத்தின் கீழ் அமெரிக்கா 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கியது. 1933-ல் 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அடித்தார்கள். அதே வருடம் தங்க நாணயப் புழக்கமே நின்றுவிட்டதால் அநேகமாக அத்தனையும் உலைக்குப் போனது. பட்டியலில் நாலரை லட்சம் என்று இருக்கும், கையில் விரல் விட்டு எண்ணும் அளவுதான் தப்பியது.

(திரையில்: 1780 என்று பொறித்த பெரிய வெள்ளி நாணயம்.)

வருடத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. இது மரியா தெரசா தேலர். ஆஸ்திரிய அரசி 1780-ல் இறந்தார். ஆனால் அரபு நாடுகளிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வியாபாரிகள் அவர் முகம் போட்ட வெள்ளியைத்தான் கேட்டார்கள். அதனால் 1780 என்ற வருடத்தை மாற்றாமலே அடித்துக்கொண்டு போனார்கள். இருபதாம் நூற்றாண்டிலும் வியன்னா மட்டுமில்லாமல் வேறு நகரங்களிலும் அடித்திருக்கிறார்கள். 1780 என்று போட்டிருக்கும் நாணயம் உங்கள் தாத்தாவைவிட வயதில் இளையதாக இருக்கலாம். எந்தக் காலத்தில் எங்கே அடித்தது என்று அரசியின் உடையில் குத்திய ஊசி, கழுகின் இறகு போன்ற நுணுக்கங்களை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் விளிம்பை விட்டுவிடுகிறார்கள். வெள்ளியைச் சுத்தியலால் அடித்துச் செய்த காலத்தில் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் திருடுவது பெரிய தொழில். அதைத் தடுக்கத்தான் விளிம்பில் வரிகளும் எழுத்துகளும் வந்தன. இங்கிலாந்தில் 1662-ல் வந்த கிரவுன் நாணயத்தின் விளிம்பில் லத்தீனில் ஒரு வாசகம் இருக்கும்: 'அலங்காரமும் பாதுகாப்பும்'. ஐசக் நியூட்டன்தான் இந்த யோசனையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அவர் லண்டன் நாணயச்சாலையில் வேலைக்குச் சேர்ந்ததே 1696-ல்தான்.

இனி நிலைமை, அதாவது நாணயம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. 1 முதல் 70 வரை எண் கொடுக்கும் முறையை 1949-ல் ஷெல்டன் என்பவர் கொண்டுவந்தார். ஆரம்பகால அமெரிக்க சென்ட் நாணயங்களுக்காகச் செய்தது. 70 வாங்கிய நாணயம் 1 வாங்கியதைப்போல 70 மடங்கு விலை போகும் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு எப்போதோ பொய்த்துவிட்டது, எண்கள் மட்டும் நின்றுவிட்டன.

'புரூஃப்' என்ற சொல்லைக் கேட்டால் அதை உயர்ந்த நிலைமை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது செய்முறையின் பெயர். அச்சையும் அடிக்கப்போகும் வெற்று உலோக வில்லையையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி அடிப்பார்கள். பின்புலம் கண்ணாடிபோல, உருவம் பனி படர்ந்ததுபோல வரும். விரல் பட்டுக் கறை படிந்த புரூஃப் நாணயமும் புரூஃப்தான், விலை போகாத புரூஃப்.

(திரையில்: ஒரே வகை வெள்ளி நாணயம் இரண்டு. ஒன்று மங்கிய சாம்பல் நிறம். மற்றது பளபள.)

இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டில் எது விலை போகும்?

பளபளப்பைக் கை காட்டியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதன்முதலில் கையில் கிடைத்த பழைய வெள்ளி நாணயத்தைப் பற்பசை போட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். புது நாணயம் மாதிரி ஆகிவிட்டது என்று பெருமையோடு ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் விளக்குக்கு அடியில் லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர் பார்த்தது என்ன என்று பின்னால்தான் புரிந்தது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் விழும். நாணயத்தைச் சாய்த்தால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல ஒளி சுற்றி வருவது அந்தக் கோடுகளால்தான். தேய்த்தால் முதலில் போவது அவைதான். அதற்குப் பதிலாக ஒரே திசையில் கீறல்கள் நிற்கும். ஒளி சுழலாது, சும்மா பளிச்சென்று அடிக்கும். போன ஒளியைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. வெள்ளியில் படியும் கறுப்பும் செம்பில் படியும் பழுப்பும் அழுக்கில்லை, உலோகம் தானே போர்த்திக்கொண்ட தோல். தளர்வான மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் ஒற்றி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. செம்பில் பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது வேறு நோய், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வைக்கும் விதம் சுலபம். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கீழே மெத்தென்று துணி இருக்கட்டும். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுவென்று பச்சையாகக் கசிந்து நாணயத்தை அரிக்கும்.

அப்புறம் போலிகள். எடைத் தராசு, காந்தம், பூதக்கண்ணாடி மூன்றும் இருந்தால் மட்டமான போலிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடலாம். மரியா தெரசா தேலர் 28.07 கிராம் இருக்க வேண்டும். 24 கிராம் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. வார்ப்பில் செய்த போலியின் விளிம்பில் ஒட்டுத் தடம் தெரியும், எழுத்தின் முனைகள் சோப்புபோல மழுங்கியிருக்கும். கைதேர்ந்த போலிகள் வேறு ரகம். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா நகரத்து ஜொவான்னி தா கவினோ பழைய ரோமானிய நாணயங்களைப் பார்த்து அச்சு வெட்டினார். வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி. இன்றைக்கு அவருடைய படைப்புகளையே 'பதுவான்' என்று பெயர் வைத்துத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

(திரையில்: முதலில் பார்த்த குத்துவாள் நாணயம், இந்தத் தடவை தங்கத்தில்.)

நாணயம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அது வந்த வழியும் உண்மையாக இருக்க வேண்டும். புரூட்டஸின் குத்துவாள் நாணயம் தங்கத்திலும் உண்டு. மூன்றே மூன்றுதான் தெரியவந்திருக்கின்றன. அதில் ஒன்று 2020-ல் ஏலத்துக்கு வந்து, சுமார் 42 லட்சம் டாலருக்குப் போனது. இதற்கு முன் யார் யார் வைத்திருந்தார்கள் என்று கொடுத்த விவரம் பொய் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்க அதிகாரிகள் பறிமுதல் செய்து, 2023-ல் கிரீஸிடம் ஒப்படைத்தார்கள். புதையலிலிருந்து திருட்டுத்தனமாகப் பிரித்து விற்ற நாணயம் தனக்குப் பக்கத்தில் என்ன கிடந்தது, எந்த மண்ணில் கிடந்தது என்ற சாட்சியத்தை இழந்துவிடும். அதனால் சிறிய நாணயமாக இருந்தாலும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள்.

இன்னொரு தங்க நாணயத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதன் மேல்புறத்தில் ஒரு துளை இருக்கிறது. புரூட்டஸின் ஆதரவாளர் யாரோ கழுத்தில் கோத்துப் போட்டிருக்கலாம் என்கிறார்கள். துளை விழுந்த நாணயத்துக்கு விலை கிடையாது என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள், நானும் சொல்வேன். ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முகத்துக்கும் போவதில்லை, வாளுக்கும் போவதில்லை. அந்தத் துளையில்தான் போய் நிற்கிறது.

(திரையில்: துளை மட்டும், மெதுவாக நெருங்கி.)