ஆள் பத்தாத கல்லூரியில் நாடகம் படித்தேன்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்காக என்னைக் கூப்பிட்ட தயாரிப்பாளர் முதலில் கேட்ட கேள்வி, "நாடகத்தைக் காலேஜுக்குப் போய்ப் படிக்க என்ன சார் இருக்கு?" என் அப்பா இதையே இன்னும் கொஞ்சம் காரமாகக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் உதவித்தொகையோடு எனக்கு இடம் கிடைத்தது. பொருளாதாரம் படிக்கத்தான் போனேன். முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணினேன்.

"ஏம்ப்பா, குரல் கம்மியிருக்கு?"

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலைப்பா. நாடகம் முடிஞ்சுது, செட்டைப் பிரிச்சோம். பலகையில இருக்கிற ஆணி, ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டி..."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "அப்போ, அவ்வளவு தூரம் போய் ஆணி புடுங்கிட்டு இருக்கே."

ஆமாம், அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கடைசிக் காட்சி முடிந்து பார்வையாளர்கள் வெளியேறிய அரை மணி நேரத்தில், ராஜாவாக நடித்தவனும் அரசியாக நடித்தவளும் மேக்கப்பைக்கூட சரியாகத் துடைக்காமல் டிரில்லோடு வந்து நிற்பார்கள். ஸ்க்ரூவை எல்லாம் ஒரு வாளியில் போடவேண்டும். அடுத்த நாடகத்துக்கு அதே ஸ்க்ரூ, அதே பலகை. வேலைக்கு ஆள் வைக்கக் காசும் கிடையாது, ஊரில் ஆளும் கிடையாது.

எங்களுடையது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அதை "கலைக் கல்லூரி" என்று மொழிபெயர்த்தால் நம் ஆட்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். வேதியியல், கணிதம், தத்துவம், இசை எல்லாம் அங்கே உண்டு. மாணவர்கள் ஆயிரத்து ஐந்நூறு, மிஞ்சினால் இரண்டாயிரம். பெரும்பாலும் இளநிலைப் பட்டத்தோடு சரி. எது உன் முதன்மைப் பாடம் என்று இரண்டாம் வருடக் கடைசியில் சொன்னால் போதும், அதுவரை பிடித்ததை எடுத்துப் படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துத் தலையெழுத்தை முடிவுசெய்யும் ஊரிலிருந்து போனவனுக்கு இது பிடிபடவே ஒரு வருடம் ஆனது. பிடிபட்டபோது நான் நாடகத் துறையில் இருந்தேன். ஆசையினால் போகவில்லை. அறைத் தோழன் ஒரு சாயங்காலம், "ஏணி பிடிக்க ஆள் வேணும், வா" என்று இழுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

துறையின் பழைய பெயர்ப்பலகையில் "நாடகமும் பேச்சும்" என்று இரண்டும் சேர்ந்தே இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் பேச்சுக்கலையை வெகுகாலம் ஆங்கிலத் துறைதான் பார்த்துக்கொண்டது. அங்கே எழுத்துக்குத்தான் மரியாதை, பேச்சு என்றால் சின்ன வீட்டுப் பிள்ளை மாதிரி. பொறுத்துப் பார்த்த ஆசிரியர்கள் 17 பேர் 1914-இல் சிகாகோவில் கூடி, தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டு பிரிந்தார்கள். அப்புறம் பேச்சுத் துறைகள் வளர்ந்தன. அதுவரை மாணவர்களின் பொழுதுபோக்காக இருந்த நாடகமும் பல இடங்களில் அதே கூரைக்குள் வந்து ஒண்டிக்கொண்டது. பிற்பாடு பெரிய பல்கலைக்கழகங்களில் இரண்டும் தனிக்குடித்தனம் போய்விட்டன. எங்களிடம் இருந்தது நான்கு ஆசிரியர்கள். நான்கு பேர் என்னத்தைப் பிரிப்பது?

பேச்சு வகுப்பின் முதல் நாள், பேராசிரியை பாடத்திட்டத்தை எடுக்கவில்லை, ஒரு கதை சொன்னார். அதே ஒஹையோவில் 1833-இல் தொடங்கிய ஓபர்லின் கல்லூரி. 1837-இலேயே பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட இடம். பிற்பாடு பெண்ணுரிமைக்காகப் பேசிப் பேர்வாங்கிய லூசி ஸ்டோன் அங்கே 1843-இல் சேர்ந்தார். பேச்சுக்கலை வகுப்பில் ஆண்கள் விவாதம் செய்யவேண்டும், பெண்கள் உட்கார்ந்து கேட்கவேண்டும். அதாவது, பையன்களுக்குச் சபை வேண்டுமே, அதற்கு இவர்கள். லூசியும் அவர் தோழி ஆன்ட்டனெட் பிரவுனும் விடாமல் கேட்டு, ஒரே ஒரு தடவை விவாதம் செய்தார்கள். அதோடு நிர்வாகம் தடைபோட்டுவிட்டது. பிறகு பெண்கள் சிலர் ரகசியமாகக் காட்டுக்குள் கூடி, காவலுக்கு ஆள் நிறுத்திப் பேசிப் பழகினார்கள். குளிர் வந்ததும் ஒரு வயதான கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் கூடினார்கள்.

1847-இல் பட்டமளிப்பு. நீ கட்டுரை எழுதலாம், ஆனால் மேடையில் அதை ஓர் ஆண்தான் வாசிப்பார் என்றார்கள். அப்படியென்றால் எழுதவே மாட்டேன் என்றுவிட்டார் லூசி. முப்பத்தாறு வருடம் கழித்து, 1883-இல் கல்லூரியின் பொன்விழாவுக்கு அவரையே பேச அழைத்தார்கள். கதையை முடித்துவிட்டு எங்கள் பேராசிரியை, "சரி, வியாழக்கிழமை எல்லோரும் ஐந்து நிமிடம் பேசவேண்டும்" என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா என யோசித்து வைத்திருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பேசினேன். மொத்தம் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு, ஒளிய இடமில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் நேர அட்டையைத் தூக்கிக் காட்டுவாள், இன்னொருவன் தேவையில்லாத சொற்களை எண்ணுவான். நம் ஊரில் பேசும்போது "வந்து... வந்து..." என்போமே, அதை நான் ஆங்கிலத்தில் "ஆக்சுவலி" ஆக்கியிருந்தேன். ஐந்து நிமிடத்தில் இருபத்துமூன்று. எண்ணியவன் சிரிக்காமல், சீட்டில் கோடு கோடாகப் போட்டு, ஐந்தைந்தாகக் குறுக்கே அடித்துக் கொடுத்தான். ரொம்ப நாள் அதைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இன்றைக்கு எத்தனை சொன்னேனோ, யாராவது எண்ணியிருந்தால் எழுதிப் போடுங்கள்.

குரல் வகுப்பில் வேறு மாதிரி. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, அது ஏறி இறங்குவதைப் பார்க்கவேண்டும். மூச்சு நெஞ்சோடு நின்றால் புத்தகம் அசையாது. ஒலிக்குறிகளும் படித்தோம், நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்று. அங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. அமெரிக்கர்கள் பலர் "ஆர்" சொல்லும்போது நாக்கு நிற்கும் நிலை ஏறக்குறைய நம் ழகரத்தின் நிலைதான். ஒரு வருடமாக "டமில், டமில்" என்று என் உயிரை வாங்கிய அறைத் தோழனிடம், "கடைசி எழுத்தை உன் ஆர் மாதிரியே சொல்லு" என்றேன். சுத்தமாக "தமிழ்" என்றான். "த" மட்டும் கடைசிவரை கொஞ்சம் தகராறு.

இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்று ஓர் ஊர், அங்கே நாக்ஸ் கல்லூரி. 1858 அக்டோபர் 7 அன்று ஆபிரகாம் லிங்கனும் அவரை எதிர்த்து நின்ற டக்ளஸும் செனட் தேர்தலுக்காக விவாதம் செய்த இடம். காற்று பலமாக இருந்ததால் மேடையைக் கட்டடத்தின் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட, கதவு அடைபட்டு, இருவரும் ஜன்னல் வழியாக ஏறி மேடைக்கு வந்தார்கள். பள்ளிக்கூடமே சரியாகப் போகாத லிங்கன், "ஒருவழியாக நானும் கல்லூரி வழியாக வந்துவிட்டேன்" என்றாராம். ஆங்கிலத்தில் அதற்குக் கல்லூரிப் படிப்பை முடித்தேன் என்றும் அர்த்தம். ஒருவர் ஒரு மணி நேரம், அடுத்தவர் ஒன்றரை மணி நேரம், முதலாமவர் மறுபடி அரை மணி. ஆயிரக்கணக்கான கூட்டம், திறந்தவெளி, மைக் கிடையாது. அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். புல்வெளியின் கடைசியில் நின்று, இங்கே வரைக்கும் குரல் வந்திருக்குமா என்று யோசித்தேன். வயிற்றில் புத்தகம் வைத்துப் படுத்தவனுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

சின்னக் கல்லூரிகள் பெற்றோரிடம் பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் கதை சொல்லும். எங்கள் மாநிலத்துக் கென்யன் கல்லூரிக்கு ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்து படித்தார். மதுக்கடை அடிதடியில் சிக்கியதால் கால்பந்து அணியிலிருந்து துரத்தப்பட்டு நாடகத்துக்கு வந்து, 1949-இல் பட்டம் வாங்கினார். 1978-இல் அங்கே புது அரங்கம் திறந்தபோது முதல் நாடகத்தை அவரே வந்து இயக்கினார். அதில் நடித்த முதலாமாண்டு மாணவி அலிசன் ஜேனி 2018-இல் ஆஸ்கர் வாங்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அதை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். என்னோடு படித்தவர்களில் இன்று நடித்துச் சம்பாதிப்பவர் ஒருவர். மற்றவர்களில் வக்கீல் உண்டு, செவிலியர் உண்டு, ரேடியோவில் பேசக் கூப்பிட்டால் ஓடிவரும் என்னைப் போன்றவர்களும் உண்டு.

நான் அதிகம் நடிக்கவில்லை. விளக்குதான் என் வேலை. ஏணியில் ஏறும்போது ஸ்பானரைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளவேண்டும், கீழே ஆள் நடப்பார்கள். காட்சியின்போது மேடை நிர்வாகி ஹெட்போனில் அழைப்பார்: "லைட் பதினான்கு, ஸ்டாண்ட்பை." பதினான்காவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இரு என்று அர்த்தம். நான் "ஸ்டாண்டிங்" என்று பதில் சொல்லவேண்டும். அவர் "கோ" என்றால்தான் பொத்தானை அழுத்தலாம். அந்தச் சொல்லை வேறு எதற்கும் அந்த அறையில் உச்சரிக்கக் கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தது என் காதில் "கோ" என்று விழுந்தது. அழுத்திவிட்டேன். மேடை முழுக்க இருட்டு.

நடுவில் நின்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தவள் முதலாமாண்டு மாணவி, உயிரியல் படிக்க வந்தவள். நிறுத்தவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி, இருட்டிலேயே அடுத்த நான்கு வரியைச் சொன்னாள். சபை மூச்சுவிடாமல் கேட்டது. நான் நடுங்கும் கையோடு விளக்கை மெதுவாக ஏற்றினேன். மறுநாள் ஊர்க்காரர் ஒருவர், அந்த இருட்டு அருமையான உத்தி என்று பாராட்டினார். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் மறக்கமாட்டேன். பெரிய இடமாக இருந்தால் என்னை அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். அங்கே மாற்ற ஆளில்லை. சனிக்கிழமையும் நான்தான் உட்கார்ந்தேன், பதினான்காவது மாற்றம் வரும் வரை வயிற்றைக் கலக்கியது.

இன்னொரு வழக்கம் உண்டு. நாடகம் தொடங்குமுன் ஒப்பனை அறைக்கு வந்து நிர்வாகி "ஃபைவ்" என்பார். இன்னும் ஐந்து நிமிடம். உள்ளே இருக்கும் எல்லோரும் "தேங்க் யூ, ஃபைவ்" என்று திருப்பிச் சொல்லவேண்டும். கேட்டுவிட்டோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கல்யாணமான புதிதில், "அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்" என்ற மனைவியிடம் பழக்கதோஷத்தில் அப்படியே சொல்லிவைத்து, கிண்டல் என்று அவள் நினைத்துக்கொண்டு, அது ஒரு தனிக்கதை.

அப்பா 2009-இல் கோடை விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது மொட்டைமாடிக் கொட்டகையைப் பிரித்தார். ஸ்க்ரூவைக் கழட்டி வாளியில் போட்டு, பலகையை அளவுவாரியாக அடுக்கினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "இதையாவது உருப்படியா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அண்ணன் ஒரு விரலைக் காட்டுகிறார். தேங்க் யூ, ஒன். வணக்கம்.