மழைமாதங்களுக்கும் ஓர் ஆடுகளம்

அவைத் தலைவர் அவர்களே, உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, விளையாட்டு வீரர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குக் கூரையுள்ள விளையாட்டுக் கூடம் வேண்டும் என்று கேட்கவே இங்கே பேச வந்திருக்கிறேன்.

நாகப்பட்டினம் மாவட்டம் ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கும் மேலானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மூன்று மாதங்களில் நம் பள்ளி மைதானங்கள் சேறாகிக் கிடக்கின்றன. மழை விட்டாலும் களிமண் தரை காயப் பல நாட்கள் ஆகின்றன. குறுவட்டப் போட்டிகளில் வென்று மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் முன்னேறும் அணிகள் பயிற்சியைக் கூட்ட வேண்டிய காலமும் ஏறத்தாழ இதுதான். கூரையுள்ள ஆடுகளத்தில் தடையின்றிப் பயின்ற அணியை, வாரக்கணக்கில் பயிற்சியே இல்லாத நம் பிள்ளைகள் எதிர்கொண்டு தோற்கிறார்கள். இந்தத் தோல்விக்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமல்ல என்பதே என் உறுதியான கருத்து.

பூப்பந்தாட்டம் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடி வளர்த்த ஆட்டம். 1856ஆம் ஆண்டளவிலேயே அது அங்கு ஆடப்பட்டதாகக் கூறுவர். கம்பளி நூலால் ஆன அந்தப் பந்து நனைந்தால் எடை கூடி ஆட்டமே கெட்டுவிடும். இறகுப்பந்தின் நிலை இன்னும் கடினம்: ஐந்து கிராம் அளவே எடையுள்ள அந்த இறகு, கடற்காற்று வீசும் ஊரில் திறந்த வெளியில் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கபடியையும் இங்கே சேர்த்துத்தான் பேச வேண்டும். மண்ணில் பிறந்த ஆட்டத்துக்குக் கூரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இன்று தேசிய, பன்னாட்டுப் போட்டிகள் ‘மேட்’ எனப்படும் செயற்கை விரிப்பின் மீதுதான் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலுடன் கபடி பாடிப் பழகியவர் காலணியோடு அந்த விரிப்பில் இறங்கும்போது, திரும்பும் வேகம், கால் ஊன்றும் விதம், பிடியிலிருந்து நழுவும் முறை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. மழையிலும் வெயிலிலும் அந்த விரிப்பை வெளியில் விரித்துவைக்க முடியாது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியின் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில், பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும் இடம்பெற்றிருந்தார்கள். அத்தகைய திறமை நம் ஊர்களிலும் இருக்கிறது.

இதற்குப் பெரிய மாளிகை தேவையில்லை. முப்பத்திரண்டு மீட்டர் நீளமும் பத்தொன்பது மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கூடத்தில் முழு அளவுக் கூடைப்பந்துக் களம் அமையும். அதே தரையில் வெவ்வேறு வண்ணக் கோடுகளால் ஒரு கைப்பந்துக் களத்தையும் மூன்று இறகுப்பந்துக் களங்களையும் வரையலாம். கபடி விரிப்பைத் தேவையானபோது விரித்துக்கொள்ளலாம். ஆனால் வேறு ஊருக்கு வரைந்த வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டிவிடக் கூடாது. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் கூரைச் சட்டங்களுக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும். தரை மட்டம் வெள்ள மட்டத்துக்கு மேல் உயர வேண்டும்; நிலத்தடி ஈரம் மேலேறாமல் தரைக்கடியில் தடுப்புப் படலம் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் எத்தனை தகரக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது என்பதை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காற்றைத் தாங்கும் வலிமையோடு கட்டினால், புயல் நாட்களில் அதே கூடம் மக்கள் தங்கும் இடமாகவும் பயன்படும். புயல் ஓய்ந்த பின் அதை நிவாரணப் பொருள்களின் கிடங்காக மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் விளையாட்டுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடும் வேண்டும்.

கட்டுவதைவிடக் கடினமானது நடத்துவது. திறப்பு விழாவுக்குப் பிறகு சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத கூடத்தால் ஒரு பயனும் இல்லை. காவலர், துப்புரவுப் பணியாளர், மின்கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான தொகை முதல் நாளே ஒதுக்கப்பட வேண்டும். பள்ளி மாணவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மாலை வேளைகளில் ஆட வரும் பெரியவர்களிடம் வாங்கலாம். பெண்களுக்கெனத் தனி நேரமும், உடைமாற்றும் அறையும், தண்ணீர் வரும் கழிவறையும் இல்லாவிட்டால், பருவம் எய்திய பெண்பிள்ளைகள் ஆட்டத்தை விட்டு விலகிவிடுவார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் கட்டாயம் வேண்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்தில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வென்ற மாநிலம் இது.

குடிநீர், சாலைத் தேவைகள் காத்திருக்க இதற்கு ஏன் செலவு என்று கேட்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்பது அரசே அறிவித்த திட்டம். அதில் கூரையுள்ள ஒரு கூடத்தையும் சேர்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

முதல் கூடம் எங்கே அமைய வேண்டும் என்று என்னைக் கேட்டால் வேதாரண்யத்தைச் சொல்வேன். அங்கிருந்து நாகைக்கு வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேருந்தில் பயணிக்க வேண்டும். பள்ளி முடிந்தபின் புறப்பட்டு, பயிற்சி முடித்து, இரவுக்குள் வீடு திரும்ப எந்தப் பிள்ளையாலும் முடியாது.