முள்ளோடையில் நின்று ஒரு ஈவி கணக்கு

வணக்கம். காற்று கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது முள்ளோடை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போது எல்லை தாண்டியதும் பெட்ரோல் பங்க் வரிசையாக வருமே, அங்கேதான். இன்னொரு வகைக் கடையும் வரிசையாக வரும், அதைப் பற்றி இந்த சேனலில் பேசுவதில்லை.

பதினைந்து வருஷம் நானும் இங்கே வந்துதான் டேங்க் நிரப்பினேன். நம் பக்கத்தை விட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அந்தச் சில ரூபாய்க்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வருவோம். வரவும் போகவும் ஆகும் பெட்ரோல், அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. கார் ஈவியாக, அதாவது மின்சார வண்டியாக மாறி ஒரு வருஷம் ஆகிறது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை, காற்று அடிக்க இங்கேதான் வருகிறேன். இன்று காற்று அடிக்கும் தம்பி பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு கவர்மென்ட் எவ்ளோ குடுத்தாங்க?" என்று கேட்டான். போன வீடியோவின் கீழே நீங்களும் இதையேதான் கேட்டிருந்தீர்கள். சரி, வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டே பேசிவிடுகிறேன்.

என் கையில் ஒரு பைசா கொடுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குகிற யாருக்கும் மத்திய அரசு இப்போது மானியம் என்று பணம் கொடுப்பதில்லை. 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச் 31இல் முடிந்த ஃபேம் 2 திட்டத்தில் காருக்கு மானியம் இருந்தது உண்மைதான். ஆனால் அது டாக்ஸியாக ஓடும் காருக்கு. வீட்டு வாசலில் நிறுத்தப் போகிற காருக்கு அப்போதும் கிடையாது. அதற்கு அடுத்து 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ், 10,900 கோடி ரூபாய்த் திட்டம். ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் உண்டு. கார் இல்லை.

அப்படியானால் சலுகை எங்கே இருக்கிறது? நம்மிடம் வாங்காமல் விடுகிற வரியில் இருக்கிறது.

முதலில் ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு ஆயுள் வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5இலிருந்து 10 லட்சம் வரை 13, பத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தில் ஒரு படி தடாலென்று ஏறுவதைக் கவனியுங்கள். ஈவிக்கு இந்த வரி முழுக்க விலக்கு. முதலில் 2022 டிசம்பர் வரை என்றார்கள், பிறகு 2025 டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். இந்த வீடியோ எடுப்பது 2025 நவம்பர் மாதம். வாங்க நினைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: புக்கிங் போட்ட தேதியை வைத்து வரி போடுவதில்லை, வண்டி எந்தத் தேதியில் ரிஜிஸ்டர் ஆகிறது என்பதுதான் கணக்கு. டெலிவரி ஜனவரி என்று சொன்னால், அந்த ஜனவரியில் என்ன விதி இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

ஷோரூமில் என்னிடம் எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? என் கார் ஷோரூம் விலை பன்னிரண்டரை லட்சம். "சார், 18 சதவீதம், 2 லட்சத்து 25 ஆயிரம் மிச்சம்!" கேட்கும்போது குளிர்ந்துதான் போனேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஈவி வாங்காமல் இருந்தால் நான் பன்னிரண்டரை லட்சத்துக்குப் பெட்ரோல் காரா வாங்கியிருப்பேன்? ஒன்பது லட்சத்துக்கு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். அதற்கு 13 சதவீதம் என்றால் 1 லட்சத்து 17 ஆயிரம். எனக்கு உண்மையில் மிச்சமானது அவ்வளவுதான். வாங்கவே போகாத காருக்குக் கட்டியிருக்க வேண்டிய வரியை என் லாபத்தில் எழுத முடியாது.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "அண்ணா, தவளக்குப்பத்தில் சித்தப்பா வீடு இருக்கிறது, அந்த அட்ரஸில் புதுச்சேரி பிஒய் நம்பர் போட்டுவிடலாமா?" நம் ஊரில் இது ஒரு கலாசாரமே. புதுச்சேரியில் கார் வரி குறைவு என்று பெரிய பெரிய கார்களெல்லாம் இந்தப் பக்கம் வந்து பதிவாகி, 2017இல் கேரளாவில் சினிமாக்காரர்கள் மேல் வழக்கே வந்தது. ஈவிக்கு இந்த வேலையே வேண்டாம். நம் கடலூர் டிஎன் 31 போட்டாலும் வரி பூஜ்யம் எனும்போது சித்தப்பாவிடம் எதற்குக் கடன்படுவது? மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்து வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பர் மாற்றியாக வேண்டும். பொய் முகவரி கொடுத்தால் அது தனிக் குற்றம். பார்டர் கடந்தால் லாபம் என்று பழகிய நமக்கு, பார்டரால் ஒரு பிரயோஜனமும் இல்லாத ஒரு வண்டி வந்திருக்கிறது.

கொஞ்சம் இருங்கள், பஸ் போகட்டும். ஹார்ன் அடிப்பதில் இந்த ரூட் பஸ்களை யாரும் ஜெயிக்க முடியாது.

ம். அடுத்தது ஜிஎஸ்டி. 2019 ஆகஸ்ட் 1இலிருந்து ஈவிக்கு 5 சதவீதம். சின்னப் பெட்ரோல் காருக்கு அப்போது 28, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 1, ஆக 29. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி அதை 18 ஆக்கிவிட்டார்கள். ஈவி அதே 5இல் நிற்கிறது. வரிக்கு முன்னால் 8 லட்சம் விலையுள்ள பெட்ரோல் கார் ஆகஸ்டில் 10 லட்சத்து 32 ஆயிரம், இப்போது 9 லட்சத்து 44 ஆயிரம். ஈவிக்குச் சலுகையைக் குறைக்கவில்லை, ஆனால் பக்கத்துக் கடையில் விலை இறங்கிவிட்டது. போன வருஷம் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஈவிதான் லாபம் என்று முடிவு செய்யாதீர்கள். என் பழைய வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி நான் ஏமாந்த கதை. கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். லோன் பேசும்போது அங்கே ஒருவர், "இன்கம் டாக்ஸில் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவு உண்டு சார், 80 டபுள் ஈ பி" என்றார். பிரிவு எண்ணோடு ஒருவர் பேசினால் நாம் நம்பிவிடுவோம் இல்லையா? அந்தக் கழிவை மனதில் வைத்துத்தான் ஒரு வேரியண்ட் மேலே போனேன். ஜூலையில் ஆடிட்டரிடம் பேப்பரை நீட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பிரிவு 2019 பட்ஜெட்டில் வந்தது, 2019 ஏப்ரல் 1இலிருந்து 2023 மார்ச் 31க்குள் சாங்ஷன் ஆன கடனுக்கு மட்டும். என் கடன் 2024 நவம்பர். அதோடு, புதிய வரி முறையில் இருப்பவருக்கு அது எப்படியும் கிடையாது. இன்றும் சில இடங்களில் இதைச் சொல்லி விற்கிறார்கள் என்று உங்கள் கமெண்ட்களில் பார்க்கிறேன். யாராவது சொன்னால், "சாங்ஷன் தேதி என்ன?" என்று மட்டும் கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

அதே ஆடிட்டர் அன்று எனக்கு வேறு ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். எனக்கு மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது, காரைக் கடைக் கணக்கில் ஏற்றியிருந்தேன். தொழிலுக்கு வாங்கும் சாதாரணக் காருக்கு வருஷத் தேய்மானம் 15 சதவீதம், மின்சார வண்டிக்கு 40. பன்னிரண்டரை லட்சத்தில் 5 லட்சம் முதல் வருஷமே செலவாக எழுதலாம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். அக்டோபரின் முதல் சில நாள் தாண்டி வாங்கினால் பாதி போய்விடும் என்று அர்த்தம். நான் வாங்கியது நவம்பர். இரண்டரை லட்சம்தான் எழுத முடிந்தது. சொந்த ஓட்டத்துக்கு ஒரு பங்கை அதிலும் கழித்துவிட்டார். மீதி அடுத்த வருஷங்களில் வரும் என்றாலும் வயிறு எரிந்தது. கடை, டியூஷன் சென்டர், கிளினிக் என்று சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். சம்பளக்காரர்களுக்கு இது கிடையாது.

பத்து லட்சத்தைத் தாண்டிய கார் என்றால் ஷோரூமில் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். எனக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அது வரி மாதிரி தெரியும், ஆனால் ரிட்டர்னில் நம் கணக்கில் திரும்பி வரும். ஆர்சி கட்டணம் ஈவிக்கு 2021இலிருந்து இல்லை. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் 15 சதவீதம் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வண்டி விலை அதிகம் என்பதால் நம் வண்டிச் சேதத்துக்கான மற்றப் பாதி பிரீமியம் அதை விழுங்கிவிடும். நம் ஊரில் அந்தப் பாதியில் கை வைக்காதீர்கள். என் கார் வந்து பத்து நாளில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 ராத்திரி முழுக்கத் தூங்காமல், தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேட்டரிக்குள் தண்ணீர் போனால் என்ன கவர் ஆகும் என்று பாலிசியை நான் படித்ததே அந்த ராத்திரியில்தான்.

லீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே லீஸ் என்பது பெரும்பாலும் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு. கம்பெனி காரை லீஸ் எடுக்கும், வரி பிடிக்கும் முன் சம்பளத்தில் வாடகை கழியும். சென்னையில் ஐடியில் இருக்கிற உங்கள் பையனுக்கு ஒத்துவரலாம், கடலூரில் கடை வைத்திருக்கும் எனக்கு ஒத்துவராது. நமக்கு வந்திருப்பது பேட்டரி வாடகை. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் என்ற ஈவி கார் அப்படித்தான் வந்தது. பேட்டரியோடு 13 லட்சத்து 49 ஆயிரம், பேட்டரி இல்லாமல் 9 லட்சத்து 99 ஆயிரம், ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூன்றரை ரூபாய். வித்தியாசம் மூன்றரை லட்சம். மூன்றரை ரூபாயால் வகுத்தால் சரியாக ஒரு லட்சம் கிலோமீட்டர். தினமும் கடலூர், புதுச்சேரி போய் வந்தால் ஐம்பது கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 15,000. ஏழு வருஷம் ஆவதற்குள் அந்த மூன்றரை லட்சத்தைக் கட்டி முடித்திருப்பீர்கள், அதன் பிறகும் மீட்டர் ஓடும். சட்டென்று முடிவெடுக்காமல், ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சம் வைத்திருக்கிறார்களா என்று அந்தப் பேப்பரில் தேடுங்கள்.

லீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. புதுச்சேரியில் எனக்கு ஒரு கஸ்டமர், சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் குடும்பம். பாதிக் குடும்பம் பிரான்ஸில். "எங்க ஊர்ல மாசம் நூறு யூரோவுக்குக் கார் குடுக்கிறாங்க தம்பி" என்பார். எங்க ஊர் என்றால் அவருக்கு எந்த ஊர் என்று எனக்கு இன்னும் குழப்பம். அவர் சொன்னது உண்மைதான். 2024 ஜனவரியில் அங்கே வருமானம் குறைந்தவர்களுக்காக அரசு உதவியோடு ஒரு லீஸ் திட்டம் வந்தது. வேலைக்கு வீட்டிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகிறவர்கள் என்று நிபந்தனை வைத்தும், ஐம்பதாயிரம் பேர் வந்ததும் ஆறே வாரத்தில் மூடினார்கள். 2025 செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி திறந்தார்கள். அதே செப்டம்பர் 30இல் அமெரிக்காவில் 7,500 டாலர் வரிச்சலுகை நின்றுபோனது. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு இங்கே வந்து "எனக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

கரண்ட் பில்லில்தான் யாரும் எச்சரிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் எனக்கு 140 யூனிட், இரண்டு மாத பில்லில் 280. முன்பு 420 வந்த வீடு இப்போது 700. 2025 நிலவரப்படி தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறும், 600க்கு மேல் 800 வரை யூனிட் 9 ரூபாய் 65 பைசா. முதல் பில்லைப் பார்த்து அம்மா ஏசியைத்தான் திட்டினார்கள். இந்த விலையிலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான் வருகிறது, பெட்ரோலில் ஆறு ஏழு ஆகும். ஆனாலும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 மானியம், இது வங்கிக் கணக்கிலேயே வரும் பணம். மொட்டை மாடி சொந்தமாக இருந்தால் கார் சலுகையை விட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

தம்பி வந்துவிட்டான். காற்று அடித்தாயிற்றாம். அவன் எனக்காகக் கேட்கவே இல்லை, அவனுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்க வேண்டுமாம். பாருங்கள், மானியம் அவனுக்குத்தான் இருக்கிறது. பிஎம் இ-டிரைவில் 2025-26 நிதியாண்டுக்கு, பேட்டரியின் ஒரு கிலோவாட்-மணிக்கு 2,500 ரூபாய், அதிகபட்சம் ஐயாயிரம், 2026 மார்ச் 31 வரை. பில்லிலேயே கழித்துவிடுவார்கள். ஷோரூமில் ஆதாருக்கு முகம் காட்டி வவுச்சர் எடுக்க வேண்டும், ஆதாரில் இருக்கிற போன் நம்பர் கையில் வேண்டும். அந்த நம்பர் ஊரில் அப்பாவிடம் இருக்கிறதாம். இப்போதே போன் போடச் சொல்லியிருக்கிறேன். ஷிஃப்ட் ஏழு மணிக்கு முடிகிறது, ஷோரூம் எட்டரை வரை. கேமராவை அணைக்கிறேன், அவனை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.